மூன்று பழைய துவக்குகள்: எதை விற்பது, எதை வைத்திருப்பது?

என் மனைவியின் தம்பி ஸ்காபரோவில் இருக்கிறான். ஆண்டுக்கொரு முறை வேலைத்தல நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறவன். 2008க்கும் 2011க்கும் இடையில் பழைய இராணுவ றைபிள்கள் மூன்றை வாங்கி வைத்தான். அப்போது அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை, விலையும் மலிவு. இப்போது வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறார்கள். புது வீட்டுக்குள் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்று அவன் மனைவி சொல்லிவிட்டா.

"அத்தான், ரெண்டை விக்க வேணும். ஏலத்தில விலை ஏறிக்கொண்டே போகுது. எதை விக்கிறது, எங்க விக்கிறது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. நீங்கள்தானே கணக்குப் பார்க்கிற ஆள்."

நான் கோண்டாவிலில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். துவக்கு எதையும் கையால் தொட்டதில்லை, தொட ஆசையும் இல்லை. ஆனால் இவன் அனுப்பும் ஏலப் பட்டியல்களை வாசித்து வாசித்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவில் கோடைகாலத்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏலம் தொடங்கினால் இங்கே இரவு ஏழரை. செய்தி பார்க்கிற நேரத்தில் நான் அதைப் பார்ப்பேன். விழுந்த விலையைக் கொப்பியில் குறித்து வைப்பேன். மனைவிக்கு இது விசர்.

(துவக்கு என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் துப்பாக்கி. சிங்களத்திலும் துவக்குதான். நெதர்லாந்து 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்த ஆறு பழம்பொருட்களில் 'மகா துவக்கு' எனப்படும் இரண்டு பெரிய துவக்குகளும் இருந்தன.)

சரி, மூன்றும் எவை என்று முதலில் பார்ப்போம். ஒன்று, ரஷ்ய மோசின் நகாந்த், 1942இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. இரண்டாவது, ஜெர்மன் மவுசர் கே98கே, 1943. மூன்றாவது, லீ என்பீல்ட் நம்பர் 4, கனடாவிலேயே லோங் பிராஞ்ச் ஆலையில் 1943இல் செய்தது. மோசினுக்கு 180 டொலர், மவுசருக்கு 400, லீ என்பீல்டுக்கு 350 கொடுத்திருக்கிறான். எல்லாமாக 930 கனேடிய டொலர். இன்றைக்கு இதே தரத்தில் உள்ளவை விழுகிற விலையை என் கொப்பியில் பார்த்தால், மோசின் 550ஐ ஒட்டி நிற்கிறது. மவுசர் ஆயிரத்தைத் தொடுகிறது. லீ என்பீல்ட் ஆயிரத்துக்கும் கொஞ்சம் மேலே.

மோசின்தான் அதிகம் ஏறியது போலத் தெரியும், மூன்று மடங்கு. அவனும் அதைத்தான் வைத்திருக்க நினைத்தான். ஏறுகிறதை ஏன் விற்பது என்பது அவன் நியாயம். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம், அது எப்படி ஏறியது என்பதில் இருக்கிறது.

மோசின் 1891இல் வந்த அமைப்பு. எல்லா வகைகளையும் சேர்த்தால் 3 கோடி 70 லட்சம் அளவில் செய்திருக்கிறார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கிடங்கு கிடங்காக, மரப்பெட்டிகளில் கிரீஸ் பூசியபடி அவை வட அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் நூறு டொலருக்குக் கீழே விற்ற காலம் உண்டு. பிறகு வரத்து ஒவ்வொரு பக்கமாக அடைபட்டது. 2014இல் கிரிமியா விவகாரமும் அதையொட்டிய தடைகளும் வந்தன. 2021 ஓகஸ்டில் ரஷ்யத் துவக்குகளுக்கும் ரவைகளுக்கும் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. 2022இல் உக்ரைனில் முழுப் போரே தொடங்கியது. அமெரிக்கச் சந்தையில் தட்டுப்பாடு வந்தால் கனடாவில் விலை சும்மா இருக்காது.

ஆக, மோசின் ஏறியது அது அரிய பொருள் என்பதால் இல்லை. வரத்து நின்றதால் ஏறியது. கடலுக்குப் போக விடாத காலத்தில் எங்கள் கரையில் சூடை மீனும் அறுக்குளா விலைக்கு விற்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளங்கள் மறுபடி இறங்கினால் சூடை சூடைதான். அந்த மோசின் கிடங்குகள் மறுபடி திறக்குமா, எப்போது திறக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் திறந்தால் முதலில் விழப்போகிற விலை இதனுடையதுதான்.

அவனுடைய மோசினுக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் பட்டறைகளில் எல்லாவற்றையும் கழற்றி, கலந்து, மறுபடி பூட்டி, இலக்கங்களைப் புதிதாக அடித்துப் பெட்டியில் போட்டார்கள். போல்டிலும் (ரவையை ஏற்றக் கையால் இழுக்கிற பூட்டு) குழலிலும் ஒரே இலக்கம்தான் இருக்கும். ஆனால் அது பிறவியிலேயே வந்த ஒற்றுமை இல்லை. சேகரிக்கிறவர்கள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தே எழுத்தின் வடிவத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட, இவன் ஒரு பருவம் முழுக்க மலிவான பழைய இராணுவ ரவைகளைச் சுட்டுவிட்டுக் குழலைக் கழுவாமல் வைத்திருக்கிறான். அந்தப் பழைய ரவைகளின் பற்றவைப்புக் கலவை எரிந்த பிறகு உப்பு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். கடற்கரையில் இரும்புக் கேற் வைத்தவனுக்குத் தெரியாததா, உப்பு இரும்பை என்ன செய்யும் என்று? இவன் கடற்கரைக்காரன் இல்லை, உரும்பிராய்க்காரன். உள்ளே கறள் பிடித்துப் புள்ளி விழுந்துவிட்டது.

மவுசர் வேறு மாதிரி. அதன் மேற்பக்கத்தில் 'பிவைஎப்' என்ற மூன்று எழுத்து இருக்கிறது. ஓபர்ன்டோர்பில் இருந்த மவுசர் ஆலையின் போர்க்காலக் குறியீடு அது. பக்கத்திலே 'எக்ஸ்' மாதிரி ஒரு அடையாளம். கிழக்குப் போர்முனையில் சோவியத் படைகள் கைப்பற்றியவற்றில் போடப்பட்ட அடையாளம். குழலைத் தாங்குகிற மரக்கட்டையில் சிவப்புக் கலந்த அரக்குப் பூச்சு. இதுவும் பட்டறைக்குப் போய் வந்த கலப்புத்தான்: குழல் ஒன்றினது, போல்ட் இன்னொன்றினது. போரிலிருந்து திரும்பிய படைவீரர் ஒருவர் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்த மவுசர், எல்லா இலக்கமும் ஒத்துப்போய், கூடவே அனுமதிக் கடதாசியும் இருந்தால், இதைப் போலப் பல மடங்கு விலை போகும். செய்திகளில் வருவது அந்தச் சாதியின் விலை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கலப்பு மவுசர் வைத்திருக்கிறவர்களும் கனவு காண்கிறார்கள்.

இதிலே பணக்கணக்குக்கு வெளியே ஒரு விஷயமும் உண்டு. கழுகும் சுவஸ்திகாவும் அடித்த பொருள் ஒன்றை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பது அவன் மகளுக்குப் பிடிக்கவில்லை. நியாயமாகத்தான் படுகிறது. சில ஏலக்காரர்கள் அந்த அடையாளம் உள்ளவற்றை எடுப்பதில்லை, எடுத்தாலும் படத்தில் மறைத்துப் போடுகிறார்கள். அதனால் வாங்குகிற கூட்டம் கொஞ்சம் சுருங்கும்.

லீ என்பீல்ட் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. என் வயதுக்காரருக்கு இது 'த்ரீ நோட் த்ரீ', அதன் ரவையின் அளவால் வந்த பெயர். 1970களில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கியதைப் பார்த்திருக்கிறோம். பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல எனக்கே இன்னமும் நாக்கு கொஞ்சம் தயங்கும். இங்கே 1916இல் வந்த சுடுகலன் சட்டம்தான் இன்றைக்கும். பயிரைக் காக்க ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருக்கிறவரும் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இவன் ஒருமுறை, செயலிழக்கச் செய்து ஊருக்கு அனுப்பி உங்கள் விறாந்தையில் மாட்டலாமா என்று கேட்டான். மாட்டினால் அதற்குப் பிறகு நான் விறாந்தையில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். அந்தத் தெரிவு அதோடு முடிந்தது. கனடாவிலேயே செயலிழக்கச் செய்து சுவரில் மாட்டுவதும் வீண்தான். குழலை அடைத்து உருக்கி ஒட்டினால் பாதி விலைகூட வராது, திரும்பப் பழையபடி ஆக்கவும் முடியாது.

லோங் பிராஞ்ச் ஆலை ஒன்ராறியோ ஏரிக்கரையில், இன்றைய மிசிசாகாவில் இருந்தது. ஸ்காபரோவில் இருந்து காரில் ஒரு மணி நேரம், சனநெரிசலைக் கழித்துப் பார்த்தால். போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட நம்பர் 4கள் அங்கிருந்து வெளியே போயின. அவற்றைச் சோதித்த கட்டடம் இன்றைக்கும் கலைக்கூடமாக நிற்கிறது. கனடாவின் வடக்கில் றேஞ்சர்கள் என்ற காவல் அணியினர் 2010களின் கடைசி வரைக்கும் இந்தத் துவக்கைத்தான் சுமந்தார்கள். உறைபனியில் புது வகைகள் சிக்கிக்கொள்ளும், இது சிக்காது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

ஒன்பது லட்சம் என்றால் அருமை என்ன இருக்கிறது என்று கேட்கலாம். போருக்குப் பிறகு இவை சல்லிக் காசுக்கு விற்றன. வாங்கியவர்கள் வேட்டைக்குக் கனமாக இருக்கிறதென்று முன்பக்கக் கட்டையை அரிந்து, அதைக் குழலோடு பிடிக்கிற வளையங்களைக் கழற்றி எறிந்தார்கள். 1950களிலும் 60களிலும் அப்படி வெட்டுப்பட்டவை ஏராளம். இன்றைக்கு முழுக்கட்டையோடு, இலக்கம் ஒத்துப்போய், யாரும் சாண்ட் பேப்பர் போடாத ஒன்று கிடைப்பதுதான் அரிது. கூடிய விலை அதற்குத்தான். இனிமேல் எந்தக் கிடங்கும் திறந்து முழுக்கட்டை லோங் பிராஞ்சைக் கொட்டப்போவதில்லை. குறைவதற்குத்தான் வழி உண்டு, கூடுவதற்கு இல்லை. மோசினுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். இரண்டும் ஏறியிருக்கின்றன, ஆனால் ஒன்று கதவு பூட்டியதால், மற்றது பொருளே அழிந்ததால்.

வெட்டுப்பட்டதை ஒட்டி முழுக்கட்டையாக்கி விற்கிறவர்களும் உண்டு. நடுவளையத்தைத் தளர்த்தி நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். ஒட்டு இருந்தால் பெரும்பாலும் அந்த வளையத்துக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். அவன் வீடியோ அழைப்பில் காட்டினான். ஒட்டு இல்லை. மரத்தின் நரம்பு நேராக ஓடுகிறது. போல்டின் கைப்பிடி அடியில் உள்ள இலக்கமும் உடலில் உள்ளதும் ஒன்று. வாங்கின கடையின் விலைச்சீட்டும் எங்கேயோ இருக்கிறதாம்.

தொலைபேசி என் மனைவியின் கைக்குப் போனது. "அந்தக் காசுக்கு அப்பவே மூண்டு பவுண் வாங்கி வைச்சிருக்கலாமே" என்றா. சிரித்தேன், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. 2009இல் தங்கம் அவுன்ஸ் ஆயிரம் அமெரிக்க டொலர். 2025 ஒக்டோபரில் நாலாயிரத்தைத் தாண்டியது. நான்கு மடங்கு. இவனுடைய 930 டொலர் இன்றைக்கு 2,600 அளவில், மூன்று மடங்குகூட முழுதாக இல்லை. கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் அரை மணி நேரத்தில் காசாகிற பொருளோடு, வாங்குகிறவனைத் தேடி அலைய வேண்டிய பொருளை ஒப்பிட்டால் யார் வென்றது என்று சொல்லத் தேவையில்லை. தங்கத்துக்கு எண்ணெய் பூசவும் வேண்டாம். துவக்கு விலை ஏறுகிறது, அது நல்ல முதலீடு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதில்லை.

எங்கே விற்பது? இதில்தான் அவன் ஏமாறவிருந்தான். 2021 ஓகஸ்டில் பொனாம்ஸ் ஏலத்தில் பில்லி த கிட் என்ற பழைய அமெரிக்கக் கொள்ளைக்காரனைச் சுட்ட கைத்துவக்கு அறுபது லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போனது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியிருந்தான். அந்தக் கைத்துவக்குக்கும் இவன் மவுசருக்கும், நல்லூர்க் கோயிலடிக் காணிக்கும் எங்கள் தோட்டக் காணிக்கும் உள்ள உறவுதான்.

ஏல விலையை எப்படி வாசிப்பது என்று விளங்கப்படுத்தினேன். சுத்தியல் ஆயிரம் டொலரில் விழுகிறது என்று வைப்போம். வாங்குகிறவரிடம் ஏலக்காரர் தன் கூலியாக 18 வீதம் மேலதிகமாக எடுத்தால் அது 1,180. பெரும்பாலும் பத்திரிகையில் வருவது இந்தத் தொகை. அதற்கு மேல் ஒன்ராறியோவின் 13 வீத வரி சேர்ந்தால் அவர் கொடுப்பது 1,333. விற்கிறவரிடமும் 15 வீதம் கழித்தால் இவன் கைக்கு வருவது 850. வீதங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்கின் உருவம் இதுதான். எங்கள் சந்தைகளில் நூறு கிலோ மரக்கறி கொண்டுபோன விவசாயிக்குத் தொண்ணூறு கிலோவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பத்துக் கிலோவைக் கழிவு என்பார்கள். அதற்கே இங்கே எத்தனை கூட்டம், எத்தனை மனு. அங்கே இரண்டு பக்கமும் கழிக்கிறார்கள், கோட் போட்டுக்கொண்டு.

அப்புறம் இன்னொன்று. பாசையூர்க் கரையில் மீன் கூறுகிறதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே விளைமீனில் இரண்டு பேருக்கு ஆசை வந்தால் விலை எங்கேயோ போய் நிற்கும். அடுத்த கூறலில் அதில் ஒருவர் இல்லையென்றால் அதே மீன் அரை விலைக்கும் போகும். ஏலத்தில் ஒருமுறை விழுந்த உச்ச விலை இரண்டு பேருடைய பிடிவாதத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நான் ஒரே வகையில் பத்து விற்பனையையாவது குறித்து, மேலே இரண்டு கீழே இரண்டைத் தள்ளிவிட்டுத்தான் விலை சொல்லுவேன்.

கழிவு கொடுத்தாலும் ஏலம் நல்லது என்கிற பொருட்கள் உண்டு. தூரத்தில் இருந்து குறிவைத்துச் சுடச் செய்த உண்மையான நம்பர் 4, தொலைநோக்கியும் பெட்டியும் இலக்கம் ஒத்து இருந்தால், அதை ஏலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். நாலு நாட்டுப் பணக்காரர் கேட்பார்கள், படமும் விபரமும் நன்றாக எழுதுவார்கள். பட்டறையில் கலந்த மவுசருக்கும் புள்ளி விழுந்த மோசினுக்கும் அந்த ஆரவாரம் தேவையில்லை.

துவக்குக் கடையில் கொடுத்தால் தலைவலி இல்லை. ஆனால் கடைக்காரர் தான் விற்கப்போகிற விலையில் பாதியை அல்லது அதற்குச் சற்று மேலே சொல்லுவார். அவருக்கும் வாடகை இருக்கிறது. அவசரமென்றால் மட்டும் அது.

நேரே ஒருவருக்கு விற்பதுதான் இந்த இரண்டுக்கும் பொருத்தம் என்பது என் எண்ணம். 2022 மே 18 முதல் கனடாவில் இதற்கு ஒழுங்கு உண்டு. விற்கிறவர் வாங்குகிறவரின் அனுமதிப்பத்திரத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்து, ஒரு குறிப்பு இலக்கம் பெற்ற பிறகே கைமாற்ற வேண்டும். இவனோடு வேட்டைக்கு வருகிற ஒருவர் மவுசரை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 950 டொலர் சொன்னால் எடுப்பார். ஏலத்தில் அதே 950 கையில் கிடைக்கச் சுத்தியல் 1,120 அளவில் விழ வேண்டும்.

இதற்கிடையில் அவனுக்கு வேறொரு யோசனை: மூன்றையும் விற்று ஒரு எம்1 காரண்ட் வாங்கினால் என்ன? அழகான துவக்குத்தான். 1936இல் அமெரிக்க இராணுவம் ஏற்றது, அமைத்த ஜோன் காரண்ட் கியூபெக்கில் பிறந்தவர், ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் அது அரைத் தானியங்கி, ஒருமுறை சுட்டதும் அடுத்த ரவை தானாக ஏறும். கனடாவில் 2020 மே மாதம் ஆயிரத்து ஐந்நூறு வகைகளை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். 2022 நவம்பரில் அரைத் தானியங்கி வேட்டைத் துவக்குகள் பலவற்றையும் சேர்க்கிற திருத்தம் ஒன்று வந்து, எதிர்ப்பு எழுந்து, 2023 பெப்ரவரியில் மீளப் பெறப்பட்டது. ஒரு வர்த்தமானியில் விலை பூச்சியமாகக்கூடிய பொருளுக்குள் மூன்று துவக்கின் காசையும் போடாதே என்றேன். கையால் போல்டை இழுக்கிற பழைய வகைகளுக்கு அந்தப் பயம் குறைவு. அதற்காக மட்டுமே அவற்றை நோக்கிக் காசு வருகிறது என்றும் எனக்கொரு சந்தேகம் உண்டு.

கடைசியில் சொன்னது இவ்வளவுதான். மோசினை முதலில் விற்றுவிடு, குழலில் கறள் இருக்கிறதென்று படத்தோடு சொல்லி 450க்குக் கொடு. மறைத்து 550க்குக் கொடுத்தால் அடுத்த வருட வேட்டையில் வாங்கினவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். மவுசரை அந்த நண்பருக்குக் கொடு. லீ என்பீல்டை வைத்திரு. அதுவும் பணத்துக்காக இல்லை, பணமென்றால் அதையும் விற்றுப் பவுணாக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். ஒன்றை வைக்கத்தான் போகிறாய் என்றால், உன் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்தில் பெண்கள் கடைந்து பூட்டியதை வை.

"அத்தான், கட்டை கொஞ்சம் மங்கலாக் கிடக்கு. வார்னிஷ் ஒண்டு அடிச்சால் வடிவாயிருக்கும்" என்றான்.

தொடாதே என்று கத்தினேன். வார்னிஷ் அடித்தால் அன்றைக்கே முந்நூறு டொலர் போய்விடும். எங்கள் மாமி வீட்டுப் பழைய தேக்கு அலுமாரிக்குக் கல்யாணத்துக்கென்று பச்சைப் பெயின்ற் அடித்த கதை அவனுக்கும் தெரியும். பேசாமல் இருந்தான். அந்த விலைச்சீட்டைத் தேடி எடு, வேறொன்றும் செய்யாதே என்றேன்.

போன கிழமை மவுசர் 950க்குப் போய்விட்டது. மோசினுக்கு இன்னும் ஆள் வரவில்லை. சீட்டை கராஜில் தேடிக்கொண்டிருக்கிறான்.